தொட்டிக்குள் ஒரு கடல்

மாப்ள,

இன்று காலை பட்டறையில் ஒரு கேட்டுக்கு ரெட் ஆக்சைடு அடித்துக்கொண்டிருந்தேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் கை ஓடவில்லை. உன் கப்பலின் அடிப்பாகத்துக்கு நாம் பூசியதும் இதே பெயிண்ட்தான். பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பேகம்பூரில் கிரில் பட்டறை வைத்திருக்கிற எனக்கும், பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தின உனக்கும் நடுவில் அந்த இரும்புக் கப்பல் எப்படித்தான் வந்து சேர்ந்ததோ! கடலையே பார்க்காத ஊரில் பிறந்துவிட்டு, அமெரிக்காக்காரன் உள்நாட்டுச் சண்டையில் இறக்கிய கப்பலைக் குட்டியாகச் செய்து பார்க்க, தகடு தகடாக வெட்டித் தரச் சொன்னாய். தளம் தண்ணீர் மட்டத்துக்கு ஒட்டினாற்போல் இருக்கும். நடுவில் சுற்றுகிற வட்டக் கூண்டு, அதற்குள் ரெண்டு பீரங்கி.

"என்னடா இது, தெப்பத்து மேல இட்லிக் கொப்பரையக் கவுத்த மாதிரி இருக்கு?" என்றேன்.

"ஏலே, இந்தக் கொப்பரைதான் ஒரே காலையில உலகத்து மரக்கப்பல் அம்புட்டையும் பழசாக்குச்சு" என்றாய். எதிரியின் இரும்புக் கப்பலும் இதுவும் பக்கத்தில் பக்கத்தில் நின்று மணிக்கணக்காகச் சுட்டுக்கொண்டனவாம். குண்டுகள் தெறித்து விழுந்தனவே தவிர, ரெண்டில் ஒன்றும் மூழ்கவில்லையாம். நீ சொல்லும்போது என் பட்டறையில் சம்மட்டிச் சத்தமே கேட்காது. எல்லாரும் உன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மழை பெய்து ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கண்மாய் நிறைந்திருந்தபோது தூக்கிக்கொண்டு போனோம். விட்ட கொஞ்ச நேரத்திலேயே தளத்தில் தண்ணீர் ஏறி, உன் கப்பல் உள்ளே போய்விட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, சேற்றிலிருந்து நான்தான் தூக்கி வந்தேன். நீ கரையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாய். பிறகு பெரிய சிரிப்பு. "உப்புத் தண்ணிக்குல்லடா கணக்குப் போட்டேன்! நல்ல தண்ணியில கொஞ்சம் கீழதான் நிக்கும். அந்தக் கொஞ்சம்தான் நம்மகிட்ட இல்ல." திண்டுக்கல்காரன் கப்பல் கட்டினால் இப்படித்தான்.

தூத்துக்குடிக்குக் கொண்டுபோவோம் என்றாய். அதற்குள் உன் சிறுநீரகம் ரெண்டும் கைவிட்டுவிட்டன. ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். பஸ்ஸில் அவ்வளவு தூரம் முடியாது. அந்தக் கப்பலை ஒரு தரம், அது நிற்க வேண்டிய மட்டத்தில் நிற்கப் பார்த்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் உனக்கு ஆசை. வீங்கின காலைத் தடவிக்கொண்டே ஒருநாள் சொன்னாய்: "அந்தக் கப்பல குண்டு ஒண்ணும் செய்யல மாப்ள. அதே வருசக் கடைசியில புயல்ல தண்ணி ஏறித்தான் போச்சு."

மறுநாளே கல்லுப்பு மூட்டை வாங்கப் போனேன். "கருவாடு போடப் போறீகளாண்ணே?" என்று கேட்டார் கடைக்காரர். உன் வீட்டுக் கொல்லைச் சிமெண்டுத் தொட்டியில் நான் மூட்டையைப் பிரிக்கும்போது உன் மனைவி குறுக்கே வந்து நின்றாள். "ஒரு சிட்டிகை ஆகாதுன்னு டாக்டரு சொன்ன வீட்டுக்குள்ள மூட்டையா கொண்டாந்து இறக்குறீகளே, நல்லாருக்கா?" கேட்டவளே கம்பெடுத்துக் கலக்கவும் செய்தாள். நீ நாற்காலியில் உட்கார்ந்து லிட்டர் கணக்குச் சொன்னாய்.

நின்றது. தளம் ஒரு விரல் மேலே தெரிய, அசையாமல் நின்றது. நீ எட்டிக் கூண்டைச் சுற்றிவிட்டாய். "நிக்குதுடா" என்றாய், அவ்வளவுதான். அழுதுவிட்டாய். நானும் அழுதேன், என்ன இப்போ?

அந்த வாரம் தாண்டவில்லை. உன்னைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்த பிறகு, தொட்டியைக் காலி செய்யட்டுமா என்று கேட்டேன். "வேணாம்ணே. அது தரை தட்டக் கூடாது" என்றாள் தங்கச்சி. நம்மூர் வெயில் சும்மா விடுமா? தண்ணீர் சாண் கணக்கில் இறங்கியது. நான் புத்திசாலியாக இன்னொரு மூட்டை உப்போடு போய் நின்றேன்.

"எதுக்குண்ணே? உப்பு எங்க போச்சு, உள்ளதான கெடக்கு? கொழம்பு வத்துனா உப்பா போடுவாக? தண்ணி மட்டும் ஊத்துங்க."

குழாயில் எப்போதோ ஒருநாள்தான் தண்ணீர் வருகிறது. அதிலும் கப்பலுக்கென்று ரெண்டு குடம் எடுத்து வைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போய் நான் ஊற்றுகிறேன். ஊற்றும்போதெல்லாம் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து நீ கேட்டது காதில் விழுகிறது. உனக்குத் தண்ணீரை டம்ளர் கணக்கில் அளந்து கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு உள்ளது தீர்ந்திருந்தது. "ஒரே ஒரு மடக்கு குடுடா" என்றாய். கொடுக்கவில்லை. இப்போது உன் கப்பலுக்குக் குடம் குடமாக ஊற்றிக்கொண்டிருக்கிறேன்டா.