கயல் பேசாத நாலு விநாடி

ஒரத்தநாடு,
14.9.2025

அன்பு மகன் பகலவனுக்கு அப்பா வீரையன் எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை போகிறது. நம் வீட்டில் இப்போது அது பொய். நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீயும் இருக்கிறாய் என்று உன்னோடு தங்கியிருக்கும் அப்துல் அஜீஸ் தம்பி சொன்னான். பதினெட்டு நாளாக நீ ஸ்டுடியோவுக்குப் போகவில்லையாம். போனை அணைத்துவிட்டு, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படுத்தே கிடக்கிறாயாம். இதை உன் கையில் கொடுத்து, நீ படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே இருக்கச் சொல்லியிருக்கிறேன். அவனிடம் கோபப்படாதே. நான்தான் கெஞ்சிக் கேட்டேன்.

இங்கே குறுவை அறுத்தாயிற்று. அறுத்த அன்றே மழை பிடித்துக்கொண்டது. கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டித் தார்ப்பாய் போட்டு வைத்திருக்கிறேன். ஈரப்பதம் அதிகம் என்று இன்னும் எடுக்கவில்லை. பகலில் கிளறி, சாயங்காலம் மூடுகிறேன். முளைத்தால் முளைக்கட்டும் என்றுகூடத் தோன்றுகிறது. உன் அம்மா அந்தப் பக்கமே வருவதில்லை. போனில் உன் அக்கா கயல் பேசியதைத் திரும்பத் திரும்பக் கேட்பதுதான் அவளுக்கு வேலை.

அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆனி மாதம் உன் அக்கா போனபோது, திருப்பனந்தாள் சம்பந்தி வீட்டார் சொன்னதை நாம் அப்படியே நம்பினோம். நாற்றங்காலுக்குத் தண்ணீர் விடப் போனவள் மோட்டார் கொட்டகையில் ஸ்விட்சைத் தொட்டாள், ஷாக் அடித்துவிட்டது என்றார்கள். கல்யாணமாகி நாலு வருஷம்தான் என்பதால் ஆர்.டி.ஓ. விசாரித்தார். எனக்குச் சந்தேகம் ஒன்றும் இல்லை என்று கையெழுத்துப் போட்டேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நானேதான் போட்டேன்.

அன்று காலையில் அவள் உனக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தாள். மோட்டார் இரைச்சலில் எங்களுக்கு எதுவும் விளங்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்தில் அவள் படத்துக்கு முன்னால் அவள் குரலைப் போட வேண்டும், சுத்தம் பண்ணிக் கொண்டுவாடா என்று கேட்டதும் நான்தான். நீயும் செய்து கொண்டுவந்தாய். மோட்டார எடுத்துட்டேன்பா, பின்னாடி யாரோ கத்துனாங்க, அதையும் எடுத்துட்டேன், இப்ப அக்கா மட்டுந்தான் இருக்கு என்றாய். வந்திருந்த சனமெல்லாம் அதைக் கேட்டு அழுதது. உன் படிப்பை அன்றுதான் முதல்முதலாக மெச்சினேன்.

உன்னை மாட்டு டாக்டர் ஆக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. உள்ளூரிலேயே கல்லூரி இருக்கிறது. நீ சவுண்டு என்ஜினியரிங் என்றதும், மைக்செட் கட்ட எதற்கு ரெண்டு வருஷப் படிப்பு என்று கேலி செய்தேன். கயல்தான் என்னோடு மல்லுக்கு நின்றாள். வயக்காட்டுல நாலு மோட்டார் ஓடுனா எது யாரோடது, எதுல பேரிங் போகப்போவுதுன்னு வீட்டுல படுத்துக்கிட்டே சொல்றவன்பா, அவனுக்குக் காதுதான் படிப்பு என்றாள். முதல் ஆறு மாதம் உனக்கு வயர் சுற்றத்தான் கற்றுக்கொடுத்தார்கள். லீவில் வந்தபோது நான் சுற்றி வைத்திருந்த மோட்டார் வயரை அவிழ்த்து, முறுக்கு விழாமல் மறுபடி சுற்றினாய். அப்புறம் டப்பிங் ஸ்டுடியோவில் வேலை. சீரியலுக்குப் பேசுகிறவர்களின் மூச்சு, இருமல், நாற்காலி கிறீச்சிடுவது எல்லாவற்றையும் பொறுக்கி எடுக்க வேண்டும், பேச்சு மட்டும் மிஞ்ச வேண்டும் என்றாய். தினம் பத்து மணி நேரம் அதையே செய்த கைதான் அக்கா குரலிலும் போனது. வேறு எண்ணம் உனக்கு இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஆவணி பிறந்து ஒரு நாள் உன் அம்மா என்னிடம் வந்து, ஏங்க, புள்ள நடுவுல ஏன் பேச்ச நிறுத்துறா என்று கேட்டாள். அப்புறம்தான் நானும் கவனித்துக் கேட்டேன். அதில் கயல் உன்னிடம், தம்பி, நீ மாட்டிக்கிற மாதிரி எனக்கும் ஒரு ஹெட்போன் வாங்கிட்டு வாடா, மாட்டுனா வெளிய பேசுறது எதுவுமே கேக்கக் கூடாது என்று சிரிக்கிறாள். பிறகு நாலு விநாடி ஒன்றுமே இல்லை. அதற்குப் பிறகு வருவது அவள் குரல் மாதிரியே இல்லை. சரிடா, அப்பா அம்மாவப் பாத்துக்க என்று முடித்துவிடுகிறாள்.

நீ எடுத்த சத்தம் அந்த நாலு விநாடியில்தான் இருந்திருக்கிறது.

அந்த வாரமே, சம்பந்தி வீட்டு வயலில் கூலி வேலை செய்யும் ராமாயி நம் வீட்டுக்கு வந்தாள். அன்று அங்கே நாற்றுப் பறிக்கப் போனவள். கொட்டகைக்குள் அவன் கத்தியதையும் அடித்ததையும் கேட்டேன் என்று உன் அம்மா காலைப் பிடித்து அழுதாள். ஆனால் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு வந்து சொல்ல மாட்டாளாம். அவர்கள் வயலில்தான் அவளுக்குச் சோறு. அவள் பெயரை வெளியே விட்டுவிடாதே. அவனை மாப்பிள்ளை என்று எழுத எனக்கு இனி கை வராது.

கயலின் போன் ஆற்றில் விழுந்துவிட்டது என்கிறார்கள். உன் போனில் இருந்த பழைய பதிவை, திரும்பக் கேட்கத் தாங்காது என்று நீ காரியத்தன்றே அழித்துவிட்டாய். ஆகவே அதை விளங்கக் கேட்டவன் உலகத்தில் நீ ஒருவன்தான். போனில் நான் கேட்டபோது, நிச்சயமாத் தெரியலப்பா என்று சொல்லி வைத்துவிட்டாய். அன்றிலிருந்துதான் நீ வேலைக்குப் போகவில்லை.

மறுபடி விசாரிக்கச் சொல்லி ஆர்.டி.ஓ. ஆபீஸில் மனு கொடுத்திருந்தேன், அதை எடுத்துக்கொண்டு 24ஆம் தேதி விசாரிக்கிறார்கள். வக்கீல் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். எதிர்த்தரப்பார் உன்னைத்தான் குடைவார்களாம். அழித்தது நீ, மாற்றியது நீ, உன் பேச்சை எப்படி நம்புவது என்பார்களாம். அது பேப்பரில் வந்தால் உனக்கு ஸ்டுடியோவில் இடம் கிடைக்குமா என்றும் தெரியவில்லை. இதையெல்லாம் மறைத்து உன்னைக் கூப்பிட எனக்கு மனசு வரவில்லை. ஆனாலும் கூப்பிடுகிறேன். கயலின் மகள் குந்தவைக்கு மூணு வயசு. அவள் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள்.

பகலவா, அவன் வண்டி நம் தெருமுனையில் திரும்பும்போதே, அத்தான் வர்றாரு என்று அக்காவிடம் ஓடிச் சொல்கிறவன் நீ. அந்தக் குரல் யாருடையது என்று உனக்கா தெரியாது? தெரியும். தெரிந்ததால்தான் காதில் பஞ்சு வைத்திருக்கிறாய். நானும் தெரியாமல்தானே கையெழுத்துப் போட்டேன், இன்னும் சோறு தின்றுகொண்டுதான் இருக்கிறேன். செய்த தப்போடு இருக்க முடிகிறது. கஷ்டம்தான், ஆனாலும் முடிகிறது.

அந்தப் பஞ்சை எடுத்துவிட்டு வா. அவன் கத்தியதை, எந்த வார்த்தை காதில் விழுந்ததோ அந்த வார்த்தையிலேயே சொல். உன் அம்மா தாங்கமாட்டாள் என்று எதையும் சுத்தம் பண்ணாதே. விசாரணைக்குப் போய்ச் சொல்ல முடியாது என்று தோன்றினால், சொல்லாமல் சும்மாவாவது வீட்டுக்கு வா. ஒரு பிள்ளையைப் போனில் கேட்டுக்கொண்டிருக்கிறோம். உன்னையும் அப்படிக் கேட்க எங்களால் ஆகாதுடா.

நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும் என்று ஆசீர்வதித்து, அதையே உன்னிடம் கெஞ்சியும் கேட்கும்,

உன் அப்பா,
வீரையன்