இரண்டு முறை கேட்ட பூ

டாக்கா, 2006

அன்புள்ள அனுப்ரியாவுக்கு,

நான் சுகம். உன் இருமல் நின்றதா, பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நேற்று இதையெல்லாம் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டேன்.

சாயப்பட்டறைக் கழிவு குழாய்வரை வந்துவிட்ட ராயபுரம் வீட்டைக் காலி செய்து அவிநாசிக்குப் போகலாமா என்று முருகனிடம் பூ கேட்டாய். பொட்டலத்தைப் பிரித்தால் வெள்ளை வந்தது, போகலாம் என்றாய். மறுநாளே அம்மா அதே சன்னதியில் அதையே கேட்க, சிவப்பு வந்திருக்கிறது, போக வேண்டாம் என்று. நான் அம்மாவின் பூவைப் பிடித்துக்கொண்டு, "நான் வர்ற வரைக்கும் அங்கயே இரு" என்றேன். "ஏனுங்க, சாயத்தண்ணி உங்க கொழாய்லயா வருது? அந்த ஊட்டுல இருக்கறது நானுங்க" என்றாய். அதோடு போனை வைத்துவிட்டேன்.

அறையில் உடன் தங்கியிருக்கும் பூபாலன் அண்ணனிடம் சொன்னேன். "முருகனயே ரெண்டு கட்சியாப் பிரிச்சுட்டீங்களா தம்பி?" என்றார். சிரித்துவிட்டேன்.

பிறகு தூக்கம் வரவில்லை. அந்த வீட்டின் மேல் எனக்கு ஆசை ஒன்றும் இல்லை. ஆனால் கண்ணை மூடினால் அங்கே நீ எங்கே நிற்கிறாய் என்று எனக்குத் தெரியும். புது வீட்டில் தெரியாது. அதற்காக உன்னைச் சாயத்தண்ணீரில் நிறுத்திவைக்க முடியாது.

மூன்றாம் முறை பூ கேட்க வேண்டாம். அம்மாவிடம் நானே பேசுகிறேன். எனக்காகக் காத்திருக்காமல் பால் காய்ச்சிவிடு. கோபம் இன்னும் முழுதாக அடங்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஊருக்குக் கிளம்பும் பூபாலன் அண்ணன் இந்தக் கடிதத்துக்காக வாசலில் நிற்கிறார். குடிபோனதும் ஒன்று மட்டும் எழுது. போன் அடித்தால் எந்த அறையிலிருந்து வருவாய்?

அருள்செல்வன்