மூன்றாவது கியரை எப்போது மாற்றுவது

பெருமாட்டி
6.1.2025

பூமாரிக்கு,

நலமா என்று கேட்டால் பதில் எழுதமாட்டாய். அதனால் கேட்கவில்லை. கட்டின புருஷனின் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய், வேறு வழியில்லாமல் தபாலில் வருகிறேன். பள்ளிக்கூடம் விட்டபிறகு இவ்வளவு நீளமாக எழுதியதில்லை. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

விஷயம் வண்டியைப் பற்றி. நம் மாருதி ஜென் காரில் ஃபைனல் டிரைவ் பல்சக்கரத்தை மாற்றிவிட்டேன். எடுக்கும்போதே பாய்கிறது. மார்ச் முதல் வாரம், போன வருஷம் ஓட்டின அதே ஓடுதளத்தில் கால் மைல் கார் ஓட்டம் மறுபடி நடக்கிறது. எந்தக் கியரை எத்தனை ஆர்.பி.எம்.மில் மாற்றினால் வேகம் சீக்கிரம் ஏறும் என்று நீதானே கணக்குப் போட்டுத் தருவாய். ஃபிசிக்ஸ் படித்தவள் நீ, நான் ஸ்பேனர் பிடித்தவன். பல்சக்கரம் மாறிவிட்டதால் அந்தக் கணக்கும் மாறுமல்லவா? புதிதாகப் போட்டு அனுப்பு.

"மருமவ சௌக்கியமா இருக்கறாளான்னு கேட்டு எழுதுடா" என்றாள் அம்மா. அவளுக்காகக் கேட்டுவிட்டேன். இந்தத் தடவை கிணற்றில் தண்ணீர் பரவாயில்லை. பட்டறையில் ஆள் பற்றவில்லை.

பதிலை எதிர்பார்க்கும்,
நவீன்குமார்


சூரியநெல்லி
16.1.2025

நவீன்குமார் அவர்களுக்கு,

பொங்கலுக்கு முந்தின நாள் உங்கள் கடிதம் வந்தது. அம்மா அடுப்பில் போடச் சொன்னாள். படித்துவிட்டுப் போடலாம் என்று வைத்திருக்கிறேன்.

ஃபைனல் டிரைவை மாற்றினால் இந்தக் கணக்கு மாறாது. ஒரு கியருக்கும் அடுத்த கியருக்கும் உள்ள இடைவெளி பழையபடியேதான் இருக்கிறது. கியர் மாற்றும் இடத்தில் வண்டி ஓடும் வேகம் மாறும், ஆர்.பி.எம். மாறாது. இது உங்களுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் கியர்பாக்ஸைப் பிரித்துப் போட்டு எனக்குக் காட்டியதே நீங்கள்தான். தெரிந்ததைக் கேட்பதற்கு ஒரு கடிதமா?

பழைய கணக்கையே எழுதுகிறேன். முதல் கியர் ஆறாயிரத்து எழுநூறு, இரண்டாவது ஆறாயிரத்து ஐந்நூறு, மூன்றாவது ஆறாயிரத்து இருநூறு. கீழ்க் கியர்களில் இடைவெளி அதிகம், அதனால் மீட்டரில் சிவப்புக் கோடு வரை இழுக்கலாம். மூன்றாவதில் அப்படியில்லை. ஆறாயிரத்து இருநூறைத் தாண்டினால் எஞ்சின் மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். அந்த வேகத்தில் நான்காவது கியர் கொடுக்கிற தள்ளு மூன்றாவது கொடுப்பதைவிட அதிகம். அதற்குமேல் பிடித்துக்கொண்டிருந்தால் சத்தம் மட்டும் ஏறும், வண்டி ஏறாது. போன வருஷமும் இதைத்தான் சொன்னேன்.

அத்தையிடம் நான் நலம் என்று சொல்லுங்கள். சின்னக்கானலில் ஒரு ரிசார்ட்டில் வரவேற்பில் நிற்கிறேன். வருகிறவர்களெல்லாம் முதலில் கேட்பது யானை வருமா என்றுதான். அது மேனேஜருக்கே தெரியாது.

பூமாரி


பெருமாட்டி
25.1.2025

அன்புள்ள பூமாரிக்கு,

திட்டித்தான் எழுதியிருக்கிறாய், ஆனாலும் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறாய். அம்மாவிடம் காட்டினேன். எதுவும் புரியாமலே இரண்டுமுறை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

ஆமாம், தெரிந்துதான் கேட்டேன். வேறு எதைக் கேட்டு உனக்கு எழுதுவது?

எழுத உட்கார்ந்த பிறகு மனதில் இருப்பதை முழுங்க முடியவில்லை. ஊரில் எல்லோரும் என்னைத்தான் பேசுகிறார்கள், பொண்டாட்டியைக் கொண்டுபோய் மலையில் தள்ளிவிட்டு வந்துவிட்டான் என்று. நானா போகச் சொன்னேன்? அன்றைக்கு ஓடுதளத்தில் போட்டிக்கு வந்திருந்த ஜோமோன் வாய் சும்மா இல்லாமல், "பெண்டாட்டி பறஞ்சாத்தான் இவன் கியர் மாத்துவான்" என்றான், நாலு பேர் சிரித்தார்கள். எனக்கும் வீம்பு, மூன்றாவதைக் கடைசிவரை இழுத்தேன், தோற்றேன். தோற்ற எரிச்சலில் உன் கணக்குதான் தப்பு என்று கத்தினேன். அதெல்லாம் மைதானத்துப் பேச்சு. அதற்கு நீ எல்லோர் முன்னாலும் "என்னை வீட்டுல விட்டுருங்க" என்றாய். நீ கேட்டாய், நான் கொண்டுவிட்டேன். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை நீ. ஒரு ரேஸுக்காகப் பிறந்த வீட்டுக்கே போகிற அளவுக்கா கோபம்? இதை ஒரு வருஷமாகக் கேட்கவேண்டும் என்று இருந்தேன்.

உன்,
நவீன்


சூரியநெல்லி
3.2.2025

ஏனுங்க,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எந்த வீடு என்று நினைத்தீர்கள்? நான் கேட்டது நம் வீட்டை. பெருமாட்டி வீட்டை.

எங்கே தப்பு நடந்தது என்று இப்போதுதான் புரிகிறது. உங்கள் ஊரில் ஊடு என்பீர்கள். கல்யாணமாகி வந்து நானும் அப்படியே சொல்லப் பழகினேன். இங்கே அம்மா இருக்கும் இடத்தை மட்டும் வீடு என்பேன். "ஊடுன்னா பெருமாட்டி, வீடுன்னா சூரியநெல்லி, நல்லா பிரிச்சு வெச்சிருக்கறா பாருங்க" என்று நீங்களே அத்தையிடம் கேலி பண்ணுவீர்கள். அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் அவமானமாக இருந்தது. கோபத்தில் பிறந்த ஊர்ப் பேச்சு வாயில் வந்துவிட்டது. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழவேண்டும், அவ்வளவுதான் எனக்கு. மறுநாள் காலையில் உங்களுக்கு இட்லி ஊற்றியிருப்பேன்.

பொள்ளாச்சியில் மேற்கே திரும்பவேண்டிய வண்டி உடுமலை ரோட்டில் போனது. ஏதோ வேலை போல என்று நினைத்தேன். சின்னாறு செக்போஸ்ட்டைத் தாண்டியபோதுதான் எங்கே போகிறோம் என்று புரிந்தது. என்னைத் துரத்துகிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் பார்க்கக்கூடாது என்று மறையூர் வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். நீங்கள் ஓட்டத்துக்குக் கொண்டுவந்திருந்த என் பையை சூரியநெல்லி ஜங்ஷனில் இறக்கிவைத்துவிட்டு முகத்தைக்கூடப் பார்க்காமல் வண்டியைத் திருப்பினீர்கள். அந்த நிமிஷத்தில்தான் உங்கள் நம்பரைத் தடுத்தேன்.

இதை அம்மாவிடம் சொன்னேன். "ஏட்டி, இந்த ஒரு வார்த்தைக்கா இத்தனை நாளும் ரெண்டு பேரும் முறைச்சிக்கிட்டு கெடந்தீக?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. உங்கள் நம்பரை இன்றைக்கே திறந்துவிட்டேன். இனி நான் சொல்ல என்ன இருக்கிறது? வந்து கூட்டிப்போங்கள்.

உங்கள்,
பூமாரி


பெருமாட்டி
9.3.2025

அன்புள்ள பூமாரிக்கு,

உன் கடிதம் பிப்ரவரியிலேயே கிடைத்தது. பெரிய பாரம் இறங்கியது. ஆக, என்மேலும் தப்பில்லை, உன்மேலும் தப்பில்லை, எல்லாம் ஒரு சொல்லால் வந்த வினை. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உடனே பதில் போட நினைத்தேன். ஓட்டம் நெருங்கிவிட்டதால் பட்டறையை விட்டு நகர முடியவில்லை. கிளட்ச் வேறு வழுக்கியது. போனில் பேசினால் மனசு அங்கேயே போய்விடும், வண்டியில் நிற்காது என்று அதையும் தள்ளிப்போட்டேன்.

பலன் கிடைத்துவிட்டது. முதல் இடம்! நீ சொன்னபடி மூன்றாவதை ஆறாயிரத்து இருநூறில் மாற்றினேன். முள் அங்கே தொட்டதும் கை தானாகப் போனது. மாற்றின அடுத்த நொடியே முதுகில் யாரோ கைவைத்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. போன வருஷத்தைவிடக் கால் செகண்டுக்கு மேல் குறைந்திருக்கிறது. கால் செகண்ட் என்றால் சும்மாவா, இரண்டு வருஷமாக இதற்குத்தானே ராப்பகலாகக் கிடந்தேன். ஜோமோன் வாயே திறக்கவில்லை. நீ பார்த்திருக்கவேண்டும்.

ஏப்ரலில் அடுத்த ஓட்டம். அதற்குப் புதுக் கேம்ஷாஃப்ட் போடுகிறேன். எஞ்சினின் இழுவையே இன்னும் மேல் ஆர்.பி.எம்.முக்குப் போய்விடும், இந்தத் தடவை உன் கணக்கு நிஜமாகவே மாறும். அந்த ஓட்டம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை வந்து உன்னை அழைத்துக்கொள்கிறேன், தயாராக இரு. அதற்குள் முடிந்தால் புதுக் கணக்கைப் போட்டு அனுப்பு.

உன்,
நவீன்


சூரியநெல்லி
16.3.2025

நவீன்,

முதலில் வந்ததற்கு வாழ்த்துகள். மனசாரச் சொல்கிறேன்.

அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்ட மறுநாளே பையைக் கட்டி வைத்துவிட்டேன். ரிசார்ட்டில் லீவு சொன்னேன். ஜங்ஷன் பக்கம் வண்டி திரும்புகிற சத்தம் கேட்டால் அம்மா எழுந்துபோய்ப் பார்ப்பாள், நான் எழாமல் உட்கார்ந்திருப்பேன். போனைக் கையிலேயே வைத்திருந்தேன். குளிக்கப் போனால் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவேன். லீவு முடிந்தது, வேலைக்குப் போனேன். அம்மா பேரைச் சொல்லி, சுருளியம்மாள் மகளைக் கூட்டிப்போக மாப்பிள்ளை வருகிறார் என்று எங்கள் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். இன்னும் வரவில்லையா என்று தினம் ஒருத்தர் கேட்டார்கள். ஒரு மாதத்துக்கு மேல் கழித்து உங்கள் கடிதம் வந்தது.

கால் செகண்டைக் குறைக்க ராப்பகலாகக் கிடக்கிற மனிதர் நீங்கள். எனக்குத் தபால் போட்டீர்கள்.

ஒரு சொல்லால் வந்த வினை என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நம்பினேன், ஒரு மாதம் சந்தோஷமாகக்கூட இருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. நான் போகிறேன் என்று நம்புவதற்கு உங்களுக்கு ஒரு சொல் போதுமாக இருந்தது. வருகிறேன் என்று ஒரு கடிதமே எழுதினேன், அது போதவில்லை. நான் தப்பாகச் சொன்னதையும் நீங்கள் தப்பாகக் கேட்டதையும் இன்றைக்கும் மன்னித்துவிடுவேன். இந்த ஒரு மாதத்தை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. வலிக்கிறது, அதை மறைக்கவில்லை.

அத்தைமேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, அவரிடம் அதைச் சொல்லுங்கள். கேம்ஷாஃப்டுக்குக் கோயம்புத்தூரில் கொடுத்துப் பாருங்கள். வண்டியை மிஷினில் ஏற்றி ஓட்டி எல்லாக் கியருக்கும் அவர்களே எழுதிக் கொடுப்பார்கள்.

ஏப்ரலில் வர வேண்டாம். அம்மா இன்று காலையில் பையைப் பிரித்து என் சேலைகளை ஒவ்வொன்றாக மடித்து அலமாரியில் வைத்தாள். நான் தடுக்கவில்லை.

பூமாரி