நேற்று வீட்டைப் பூட்டினேன்

எல்லாரையும் அனுப்பிவிட்டு ஒற்றையாய் நின்றுகொண்ட என் அம்மாவுக்கு,

நேற்று நம் வீட்டைப் பூட்டினேன். நம்பமாட்டாய். இத்தனை வருஷத்தில் நமக்குப் பூட்டே தேவைப்பட்டதில்லையே!

செங்கல் சூளையை நீ மறந்திருக்கமாட்டாய். சந்தைக்கோ சாவுக்கோ குடும்பத்தோடு போக முதலாளி விடமாட்டார். வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக ஒரு ஆள் சூளையில் இருக்கவேண்டும். எப்போதும் நீதான் இருந்தாய். "நான் இருக்கறன், நீங்க போய்ட்டு வாங்க." உன் அப்பா இறந்த அன்றும் அதையேதான் சொன்னாய்.

அதிகாரிகள் வந்து நம்மை மீட்ட பிறகாவது மாறினாயா? கடத்தூர்க் கோயிலில் நடந்த என் கல்யாணத்துக்குக்கூட நீ வரவில்லை. "வூட்ல ஒருத்தர் இருக்கோணும்" என்றாய். யாருக்காக அம்மா?

சரி, சங்கதிக்கு வருகிறேன். உன் பேத்தி மீனா சட்டம் படிக்கிறாள். அடிமைத்தனத்தை உலகச் சட்டம் தடை செய்திருப்பதைப் பற்றி நேற்று சேலத்தில் ஒரு போட்டியில் பேசினாள். "எல்லாரும் வரோணும்" என்று போன வாரமே சொல்லியிருந்தாள். என் வாய் சும்மா இருந்ததா? "நான் இருக்கறன், நீங்க போய்ட்டு வாங்க" என்றேன்.

அவளுக்கு வந்ததே கோபம்! "உன்ன யாரும்மா புடிச்சு வெச்சிருக்காங்க? கடனுக்கு ஆள ஈடா வெக்கறதும் அடிமைத்தனந்தான். போரே நடந்தாலும் எந்த நாடும் அத அனுமதிக்கக்கூடாது" என்றாள். மறுநாளே காரிமங்கலம் போய் ஒரு பூட்டு வாங்கி வந்து என் கையில் வைத்தாள்.

நீ இருந்திருந்தால், "இது அந்தச் சூளைக்காரருக்குத் தெரியுமாடி?" என்று கேட்டிருப்பாய். நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

நேற்றுக் காலை பூட்டிவிட்டுத் தெருவில் இறங்கினோம். உன் மருமகனுக்குக் கிண்டல். "அத்த போட்டோ உள்ளதான இருக்குது, அவங்க பாத்துக்குவாங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. திரும்பிப் போய்ப் பூட்டைத் திறந்தேன். சுவரிலிருந்த உன் படத்தைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். பஸ் போய்விடும் என்று அவர் கத்தினார். போகட்டுமே!

மீனா பேசும்போது நீ என் மடியில் இருந்தாய். அவளுக்குப் பரிசு கிடைக்கவில்லை. ஆனாலும் மனசு நிறைந்துதான் திரும்பினோம்.

இனி எங்கே போனாலும் உன்னைக் காவலுக்கு விட்டுவிட்டுப் போகமாட்டேன் அம்மா. வீட்டை அந்தப் பூட்டு பார்த்துக்கொள்ளும்.

உன்னையும் கூட்டிப்போன மகள்,
செல்வி