இரண்டரைக் கிலோ

இன்று மதியம் கடையில் ஒரு லேப்டாப்பை என் கையில் கொடுத்தார்கள். அலுவலகத்துக்குப் புதிதாக வாங்குகிறோம். எதை வாங்குவது என்று முடிவு செய்வது இப்போதும் என் வேலைதான். "ஒரு கிலோகூட வராது மேடம், தூக்கிப் பாருங்க" என்றாள் விற்பனைப் பெண். கனமாக இருக்கும் என்று நினைத்துத் தூக்கியதால் கை சட்டென்று மேலே போய்விட்டது. அவள் சிரித்தாள். எனக்கு உன் நினைவு வந்து, பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

நாம் பழகியதெல்லாம் ரயிலில்தான். திருத்தணியில் காலையில் புறப்படும் மின்சார ரயிலின் பெண்கள் பெட்டி. நான் தினமும் சென்னைக்கு வேலைக்குப் போகிறவள். நீ வாரத்தில் இரண்டு நாள் வருவாய். தெலுங்கு சீரியல்களுக்குத் தமிழ் வசனம் எழுதி ஸ்டூடியோவில் கொடுப்பது உன் வேலை. வாயசைவுக்குச் சொல் பொருந்துகிறதா என்று நீ உதட்டை அசைத்துப் பார்த்ததை முதல் நாள் கண்டபோது, யாரையோ மனதுக்குள் திட்டுகிறாய் என்று நினைத்தேன். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "மாமியார் வர்ற சீனு. அவ வாயை மூட மாட்டேன்றா, எனக்குத் தமிழ்ல வார்த்தை பத்தல" என்றாய். அரக்கோணம் வருவதற்குள் தோழிகளாகிவிட்டோம்.

நடுவில் இரண்டு மாதம் நீ வரவில்லை. திரும்பி வந்தபோது இளைத்திருந்தாய். "புத்தூர்ல தங்கச்சி வூட்டுக்குப் போயிருந்தேன்" என்றாய். நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அந்த வாரமே, ரயிலில் உட்கார்ந்து வசனம் எழுத ஒரு லேப்டாப் வேண்டும் என்றாய்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். வெயிட்டு கம்மியா இருக்கணும். மத்ததெல்லாம் நீ பாத்துக்க."

"வெயிட்டு இன்னாடி வெயிட்டு? சின்ன ஸ்கிரீனைப் பாத்துகினு இருந்தா கண்ணு போயிடும். ஒரு கிலோ கொறையறதுக்காக ஸ்பீடை வுட்டுடுவியா?"

"இல்ல, தூக்கிகினு போவணும் இல்ல…"

"இடுப்புல புள்ளையைத் தூக்கிகினு ரயில் ஏறுறாங்க. உன்னால இதைத் தூக்க முடியாதா?"

நீ சிரித்தாய். அதற்கப்புறம் எடையைப் பற்றிப் பேசவில்லை.

நான்கு நாள் ஒப்பிட்டுப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். பெரிய திரை, நல்ல வேகம், உறுதியான கீபோர்டு. இரண்டரைக் கிலோ, சார்ஜரோடு சேர்த்தால் இன்னும் கூட. வாங்கிய மறுநாள் ரயிலில் எல்லோருக்கும் அதைத் திறந்து காட்டியது நீ அல்ல, நான்.

அடுத்த வாரம் நீ மெதுவாகக் கேட்டாய்: "ஏய், இதை மாத்திக்கலாமா? ரொம்ப கனமா இருக்குது."

பத்து நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று பில்லில் இருந்தது. நான் படித்திருந்தேன். ஆனாலும், "தொறந்துட்டா மாத்த மாட்டாங்க. ரெண்டு நாள் போனா பழகிடும்" என்றேன்.

"ஆங், சரி."

ஏன் அப்படிச் சொன்னேன்? மாற்றினால் நான் தேர்ந்தெடுத்தது தப்பு என்று ஆகிவிடும். அவ்வளவுதான். வேறு ஏதாவது காரணம் இருக்குமா என்று இத்தனை நாள் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

சில வாரங்கள் அதைக் கொண்டுவந்தாய். பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் வந்தது. ரயிலில் கையால் எழுதி, வீட்டுக்குப் போய் மறுபடியும் டைப் செய்திருக்கிறாய். லேப்டாப் எங்கே என்றால், "கையில எழுதினாதான் வசனம் வருது" என்பாய். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது, நம்பினேன்.

பிறகு நீ வருவதே நின்றுபோனது. போனிலும் சரியாகப் பேசவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கே.ஜி.கண்டிகைக்கு பஸ் ஏறி உன் வீட்டுக்கு வந்தேன். உன் தங்கை புத்தூரிலிருந்து வந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ கட்டிலில் இருந்தாய். வலது கை தலையணைமேல், விரல் வரை வீங்கியிருந்தது. டீ போட உள்ளே போன தங்கையின் பின்னாலேயே போய் என்னவென்று கேட்டேன்.

"அக்கா உங்ககிட்ட சொல்லலீங்களா? மார்ல கட்டி வந்து ஆபரேஷன் பண்ணாங்க. அந்தப் பக்கம் கையில வெயிட்டு தூக்கவே கூடாதுன்னு டாக்டர் அப்பவே சொல்லிட்டாரு. இது எங்க கேக்குது? பையை மாட்டிகினு ஓடும். இப்ப நோய் திரும்ப வந்துடுச்சிங்க."

கை வீங்கியதால் நோய் திரும்பவில்லை, அது வேறு, இது வேறு என்றும் டாக்டர் சொன்னாராம். அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என்கிட்ட ஏன்டி சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா எல்லாரும் என் மாரைத்தான் பாப்பாங்க. நீ ஒருத்திதான் என் மூஞ்சியப் பாத்துச் சண்டை போட்டுகினு இருந்தே."

கொஞ்ச நேரம் கழித்து, ஊர்ச் சேதி சொல்வதுபோலச் சொன்னாய்: "அந்த பில்லுலயே போட்டிருந்துச்சுடி, பத்து நாள்ல மாத்திக்கலாம்னு."

"எப்ப பாத்தே?"

"மாத்த மாட்டாங்கன்னு நீ சொன்ன அன்னைக்கே. நீ எல்லாருக்கும் அவ்ளோ பெருமையா காட்டினே. எப்பிடிப் போய் மாத்தறது?"

உன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் அழுதிருப்பேன், கேட்க வேண்டியதைக் கேட்டிருப்பேன். நான் என்ன செய்தேன் தெரியுமா? "அந்த மாமியார் கதை இன்னா ஆச்சு?" என்றேன். நீயும் மூச்சு வாங்க வாங்க அந்தக் கதையைச் சொன்னாய். சிரித்தேன், டீ குடித்தேன், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன். மூன்று வாரத்தில் நீ போய்விட்டாய்.

இப்போதெல்லாம் யாராவது லேப்டாப் பற்றிக் கேட்டால், எதில் போய்வருகிறீர்கள், எவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும் என்றுதான் முதலில் கேட்கிறேன். அலுவலகத்தில் இதைச் சொல்லிக் கிண்டல் செய்கிறார்கள். எடை குறைவாக வேண்டும் என்று ஒருவர் சொன்னால் ஏன் என்று கேட்பதில்லை. சொல்ல முடியாத காரணமாகவும் இருக்கலாம். ஆனால் இதெல்லாம் மற்றவர்களுக்குச் செய்வது. உனக்குச் செய்ய வேண்டியது அப்படியே இருக்கிறது.

உனக்கு வலிக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நான் சொன்னது பொய் என்று தெரியும். அன்று உன் கட்டிலருகே இந்த இரண்டு வரியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.