வண்டி ஏறும் முன் ஒரு பிடி

மூன்று நாளாக மழை விடவில்லை. ஆற்றோரத்து ஜனங்களைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்று இன்று காலையில் கேள்விப்பட்டதும் பீரோவைத் திறந்தேன். அடித்தட்டில் அந்த இரண்டு வேட்டிகளும் மடித்து வைத்தபடியே இருந்தன. எத்தனை முறை துவைத்தும் போகாத மஞ்சள் கறை. முகத்தருகே கொண்டுபோனதும் புளிக்காய்ச்சல் வாசனை லேசாக அடித்தது. உன் மேல் உள்ள ஆத்திரத்தில் அவற்றைக் கொளுத்திவிடலாம் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். மனசு வரவில்லை. அதற்கும் சேர்த்து உன் மேல்தான் கோபம்.

என் வீட்டுக்காரருக்குப் பெருநாளுக்கென்று எடுத்து வைத்த புது வேட்டிகள் அவை. சுனாமிக்கு மறுநாள், பனித்திட்டு மீனவர் குப்பத்தில் அடுப்பு எரிய ஒரு வீடு இல்லை. நீ பாகூர் கடைத்தெருவில் எங்கள் மளிகைக் கடை வாசலில் வந்து நின்றாய். அதுவரை நீ எனக்கு ஒரு வாடிக்கைக்காரி. கல்யாண வீடுகளுக்குச் சமைக்கிறவள், சாமான் சீட்டோடு வந்து மல்லுக்கு நிற்கிறவள்.

"ஜீனத்து, அரிசிய எடுடி. என் அண்டாவெல்லாம் சும்மாதான் கெடக்குது" என்றாய். வடித்த சோற்றை ஆறப்போட சுத்தமான துணி வேண்டும் என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்து வேட்டிகளை உருவினாய். "யம்மா, அது பெருநாளுக்கு எடுத்தது" என்று அவர் இழுத்தார். "பெருநாளைக்குக் கைலி கட்டிக்கினு போ பாய், அல்லா ஒண்ணும் கோச்சிக்க மாட்டாரு" என்றாய். ஊரே அழுதுகொண்டிருந்த நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். ஊரெல்லாம் என்னைப் பாயம்மா என்றுதான் கூப்பிடும். பேர் சொல்லிக் கூப்பிட்டவள் நீ ஒருத்திதான்.

அதற்குப் பிறகு எந்தப் புயலுக்கும் வெள்ளத்துக்கும் நம் அண்டா அடுப்பேறாமல் இருந்ததில்லை. எப்போதும் புளிசோறுதான். தேங்காய் சேர்க்க மாட்டாய், காய்கறி சேர்க்க மாட்டாய். வேட்டியில் பரப்பி, கை வைத்தால் சூடு தெரியாத அளவுக்கு ஆறின பிறகுதான் பொட்டலம் கட்ட விடுவாய். "சூட்டோட கட்டுனா சோறு வேர்க்கும்டி. வேர்த்துச்சுன்னா போச்சு" என்பாய். வண்டி ஏறும் முன் நீ ஒரு பிடி, நான் ஒரு பிடி. கொடுக்கிற இடத்தில் மறுபடியும் ஆளுக்கு ஒரு பிடி. நாம் தின்னாத சோற்றை யாருக்கும் நீட்டியதில்லை. ஒரு வருடம் நோன்பு மாதத்தில் வெள்ளம் வந்தது. "உன் பங்கையும் நானே துன்றேன், நீ பாத்துக்கினு இரு" என்று என் முன்னால் நின்று இரண்டு பிடி சாப்பிட்டாய். வேண்டுமென்றே சப்புக்கொட்டினாய்.

அப்படிப்பட்டவள்தான் நீ. அதனால்தான் இன்னும் ஆறவில்லை.

கடைசி வெள்ளத்தின்போது நான் பள்ளிக்கூடத்தில் ஜனங்களோடு இருந்தேன், நீ சமையலைப் பார்த்தாய். வண்டி வந்தது. கதவு இடுக்கில் பார்த்தால் உள்ளே வேட்டியும் இல்லை, புளிசோறும் இல்லை. எல்லாம் சில்வர் கவரில் சூடாக அடைத்த காய்கறி பிரியாணி. ஒவ்வொரு கவரிலும் ஒரு பெரிய மனிதரின் படம்.

"இன்னாடி இது?"

"அவரு கையால குடுக்கணுமாம். போட்டோல ஆவி பறக்கணுமாம். இன்னிக்கு ஒரு நாள் வுடுடி."

உன் மகனுக்கு வேலை போட்டுத் தருவதாக அவர் சொல்லியிருந்தது எனக்குத் தெரியும். பிள்ளைக்காக வளைந்து கொடுக்கிறாள் என்று வாயை மூடிக்கொண்டேன். அது என் தப்பு. அதை நான் மறைக்கவில்லை.

பதினோரு மணிக்கு வருகிறேன் என்றவர் வரவில்லை. மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. மூடின வண்டிக்குள் சோறு, வெளியே பிள்ளைகள் வண்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "தொறந்து குடுத்துடலாம்டி" என்று கெஞ்சினேன். "தோ வந்துட்டாரு, அஞ்சு நிமிஷம்" என்றாய், மூன்று நான்கு தடவை. அவர் வரும்போது இரண்டரை மணி. பத்துப் பேருக்குக் கொடுத்தார், படம் எடுத்தார்கள், கார் கிளம்பிவிட்டது. மீதியை நாம் கொடுத்தோம்.

"வாயில வச்சுப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"பாத்தேன் பாத்தேன். நல்லாத்தான் கீது, நீ குடு."

நீ சொன்ன பிறகு நான் எதற்குச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும்? அன்றைக்கு மட்டும் என் பிடியை நான் எடுக்கவில்லை. ஆற்றோரத்துச் செல்வி, "பாயம்மா குடுத்தா கண்ண மூடிக்கினு வாங்கலாம்" என்று சொல்லி, மகளுக்கும் சேர்த்து இரண்டு கவர் வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலத்துக்குள் பள்ளிக்கூடம் முழுக்க வாந்தி. செல்வியின் மகள் கண் செருகிக் கிடந்தாள், ஆம்புலன்ஸில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அல்லாஹ் காப்பாற்றினான், எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். மறுநாள் ஒரு அதிகாரி வந்து எல்லோர் முன்னாலும் நம்மை நிறுத்தி விசாரித்தார். நீ தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்:

"அரிசி பாயம்மா கடை அரிசி சார். பழைய ஸ்டாக்கா இருந்திருக்கும்."

இத்தனை வருடத்தில் உன் வாயில் ஒரு நாளும் வராத வார்த்தை. ஜீனத்து என்ற பேர் அந்த ஒரு நிமிஷத்தில் உனக்கு மறந்துபோயிற்று. கூட்டம் திரும்பி என்னைப் பார்த்தது. நீ மட்டும் பார்க்கவில்லை.

கடையைப் பூட்டினார்கள். மூட்டையிலிருந்து அரிசி எடுத்துப்போய்ச் சோதித்தார்கள். அரிசியில் குறையில்லை என்று பிறகு காகிதம் வந்தது. என் வீட்டுக்காரர் அதைக் கல்லாவுக்கு மேலே ஒட்டி வைத்தார். யார் படித்தார்கள்? வில்லியனூர் வரைக்கும் பேச்சு போயிருந்தது. வழக்கமாக வருகிறவர்கள் எதிர்ச் சாரியில் நடந்தார்கள். அவர் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. ஒரு நாளாவது வருவாய் என்று வாசலைப் பார்த்தேன். நீ வரவில்லை.

நீ படுக்கையில் விழுந்த பிறகு இரண்டு முறை ஆள் அனுப்பினாய். நான் போகவில்லை. கடைசியில் நான் வந்தபோது உன்னை மாலை போட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். உன் மருமகள் என்னைக் கொல்லைப்புறம் இட்டுக்கொண்டு போய் அழுதாள். "அத்த அன்னிக்கி வாயில வச்சாங்க பாயம்மா. வண்டிக்குப் பின்னால போயி துப்பிட்டாங்க. நான் பாத்தேன். அப்புறந்தான் உங்ககிட்ட நல்லாக்கீதுன்னாங்க."

பழியைப் போட்டதைக்கூட பயம் என்று மன்னித்திருப்பேன். துப்பிவிட்டு வந்து என் முகத்தைப் பார்த்து நல்லாத்தான் கீது என்றாயே, அதை என்னவென்று சொல்வது? உனக்கு ஆகாத சோற்றை என் கையால் அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க வைத்தாய். உன் மகன் வேலையில் இருக்கிறான். நல்லா இருக்கட்டும், மனசாரச் சொல்கிறேன். ஆனால் அவன் வணக்கம் வைத்தால் என்னால் நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை.

இன்றைக்கு நானே புளிசோறு கிளறினேன். வேட்டியில் பரப்பினேன், அவர் விசிறினார். ஆறும் வரைக்கும் பொறுத்திருந்து கட்டி, ஆட்டோவில் ஏற்றும் முன் ஒரு பிடி சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். பள்ளிக்கூடத்தில் வரிசையில் முதல் ஆள் செல்வி, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு. பொட்டலத்தை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"நீ மொதல்ல துன்னு பாயம்மா. எங்க கண்ணு முன்னால."

பின்னால் நின்ற யாரும் அவளை அதட்டவில்லை. நீயும் நானும் ஆசையாகச் செய்ததை இனிமேல் நான் சந்தேகத்துக்காகச் செய்ய வேண்டும். பொட்டலத்தைப் பிரித்து ஒரு பிடி சாப்பிட்டேன். விழுங்குகிற வரைக்கும் செல்வி என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"இரு" என்று சொல்லி இன்னொரு பிடி எடுத்தேன்.

"அது இன்னாத்துக்கு?"

"கூட ஒருத்தி வருவாளே, அவ பங்கு."

உன் பங்கையும் நானே தின்றேன். துப்பவில்லை.