மூச்சுக்கு மேல் ஒரு கீறல்

ஃபெட்லர் தீவு, ஷெட்லாந்து
1644, அறுவடை முடிந்த வாரம்

அன்புத் தங்கை ஜோனெட்டுக்கு,

அக்கா கிர்ஸ்டின் எழுதுவது. நீயும் நில்ஸும் குழந்தையும் பெர்கனில் சுகமாக இருப்பீர்கள் என்ற எண்ணத்திலேயே எழுதுகிறேன். மரம் இறக்க வந்த கப்பல் நாளை உங்கள் ஊருக்குத் திரும்புகிறது. இங்கே பார்லி சுமாராக விளைந்தது. சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது.

நில்ஸின் பயணத்துக்கு நம் ஓஸ்லாவிடம் ஒரு காற்றுக் கயிறு வாங்கி அனுப்பச் சொல்லியிருந்தாய். அனுப்புவதற்கில்லை. அவள் இனிக் காற்று கட்டமாட்டாள்.

வசந்தத்தில் மான்ஸின் மகன்கள் இருவரும் ஆழ்கடலுக்குப் போகுமுன் அவளிடம் கயிறு வாங்கினார்கள். கயிற்றின் முதல் முடிச்சை அவிழ்த்தால் இளங்காற்று, இரண்டாவதை அவிழ்த்தால் பாய் நிறையும் காற்று, மூன்றாவது புயல், அதைத் தொடவே கூடாது. உனக்குத் தெரிந்ததுதான். இன்னொரு படகோடு பந்தயம் கட்டி அவர்கள் மூன்றாவதையும் அவிழ்த்துவிட்டார்கள். அந்த இன்னொரு படகு எப்படியோ கரை சேர்ந்து இதைச் சொன்னது. அவர்களுடையது வரவில்லை.

ஊர் சில நாள் அழுதது. பிறகு நம் வீட்டுக்கு வந்தது.

மான்ஸின் மனைவி உர்சிலாதான் பேசினாள். அவளை நான் குறைசொல்லமாட்டேன். "கிர்ஸ்டின், உன் தங்கச்சிய எரிக்கணும்னு நாங்க வரல. மூச்சு விடுற எடத்துக்கு மேல, நெத்தியில கீறி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துட்டா அவகிட்ட இருக்கிறது போயிடும். அதோட விட்டுடறோம். இல்லேன்னா நாளைக்கே நீதிபதிகிட்ட ஆள் போகும்" என்றாள். சூனியக்காரி என்று நீதிபதி முன் நின்ற பெண்கள் எவரும் வீடு திரும்பியதில்லை.

ஓஸ்லா அடுப்பருகிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. "குடுக்கும்போதே சொன்னேன், மூணாவதத் தொடாதீங்கடான்னு. இந்த ஊர்ல காது இருக்கிறவன் எவன்?" என்றாள். மான்ஸ் மீன் கத்தியை உருவினார். அவர் கீறினால் நெற்றியோடு நிற்காது என்று எனக்குப் பட்டது. நானே கீறுகிறேன் என்று சொல்லி, பாய்மரத் துணி தைக்கும் ஊசியை எடுத்தேன்.

அப்போதுதான் அவள் பயந்தாள். "அக்கா, அவங்க எரிச்சா எரிக்கட்டும். இத மட்டும் எடுத்துடாத. இது போயிட்டா நான் யாரு?" என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

கீறினேன். ரத்தம் புருவம் வரை வந்தது. எந்நேரமும் அவள் இருக்கும் பக்கமே சாய்கிற அடுப்புப் புகை, நேரே கூரைக்கு எழுந்தது. எல்லோரும் பார்த்தார்கள். உர்சிலா அழுதுகொண்டே, துணியில் பொதிந்து கொண்டுவந்த வெண்ணெயை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். எதற்கென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஓஸ்லா உயிரோடு இருக்கிறாள். சாப்பிடுகிறாள், கம்பளி நூற்கிறாள். என்னோடு மட்டும் பேசுவதில்லை. எனக்குக் கேட்கும்படி பசுவிடம் சொல்வாள்: "அந்த மகராசிகிட்ட சொல்லு, குடத்துல தண்ணி இல்லேன்னு." காற்றடிக்கும் நாளில் வாசலில் போய் நிற்கிறாள். எல்லோரையும் போல அவள் முக்காடும் இப்போது பறந்துவிடுகிறது. பிடித்துக்கொள்ள அவளுக்குப் பழக்கமில்லை.

ஒருத்தியிடமிருந்து எடுத்தது கூடப்பிறந்தவளுக்குப் போகும் என்று அம்மா சொன்னது உனக்கு நினைவிருக்கும். எனக்கு வருமோ என்று காத்திருந்தேன். கரைக்குப் போய்க் கூப்பிட்டும் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

ஆகையால், ஜோனெட், காற்றே இல்லாத நாளில் உன் கொடியில் கிடக்கும் துணி மட்டும் ஆடினால், யாரிடமும் சொல்லாதே. நில்ஸிடமும் வேண்டாம். எனக்கும் எழுதாதே. உன் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் நான் மறுபடியும் ஊசியைத்தான் எடுப்பேன்.

இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. கடவுள் உன்னை நல்லபடியாக, என் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்திருக்கட்டும்.

உன் அக்கா,
கிர்ஸ்டின்